வெள்ளைக்கு மை இல்லை

மேஜைமேல் வைத்துப் பயன்படுத்துகிற போட்டோ பிரிண்டரைத் திறந்து பாருங்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு இருக்கும். கொஞ்சம் பெரிய பிரிண்டர் என்றால் வெளிர் சயான், வெளிர் மெஜந்தா, இரண்டு மூன்று வகைச் சாம்பல் என்று வரிசை நீளும். வெள்ளை இருக்காது. படத்தில் மேகம் வெளுத்துக் கிடந்தால், அந்த இடத்தில் பிரிண்டர் மை எதுவும் போடாமல் தாண்டிப் போய்விடுகிறது. நாம் மேகம் என்று பார்ப்பது வெறும் தாளை.

இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான். ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று புரிய பல வருஷம் ஆனது. அதுவரை கலர் புரொஃபைல் என்றால் படத்தைச் சரிசெய்கிற ஏதோ ஒரு மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிறம் தப்பாக வந்தால் வேறு புரொஃபைல் போட்டுப் பார்ப்பேன். அதுவும் தப்பாக வந்தால் இன்னொன்று. தாளும் மையும் தீர்ந்ததுதான் மிச்சம்.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப அச்சிட்டது அப்பாவின் படம் ஒன்றை. சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்னத்தில் வெளிச்சம், இன்னொரு கன்னம் நிழலில். பின்னால் வெள்ளைச் சுவர். நிழலில் இருப்பதால் படத்தில் அது வெளிர் சாம்பலாகத் தெரிகிறது. கீழே சன்னல் திட்டில், இருட்டோடு இருட்டாக, அவருடைய கண்ணாடிக்கூடு. பெரிய கலைப் படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பிடித்த படம். அதைவிட முக்கியம், பிரிண்டரைச் சோதிக்க இதைப்போல ஒரு படம் கிடைப்பது கஷ்டம். இலையின் பச்சை கொஞ்சம் மாறினால் யாருக்கும் தெரியாது. சாம்பல் சுவரில் துளி இளஞ்சிவப்பு ஏறினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். தோலின் நிறமும் அப்படித்தான்.

ஒரே பைல், ஒரே பிரிண்டர், ஒரே மை. மூன்று தாளில் அச்சிட்டு மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ஒன்றில் சுவர் இளஞ்சிவப்பு. ஒன்றில் லேசான பச்சை. ஒன்றில் ஏறக்குறைய சரி, ஆனால் அப்பாவின் முகம் மேலே சாம்பல் தூவியதுபோல இருந்தது. அந்த மூன்றையும் இன்னும் வைத்திருக்கிறேன். எந்தத் தாள், என்ன செட்டிங் என்று பின்பக்கம் பென்சிலால் எழுத ஆரம்பித்தது அந்த நாளில்தான்.

சரி, புரொஃபைல் என்றால் என்ன?

பிரிண்டருக்கு நாம் அனுப்புவது எண்கள். சிவப்பு 128, பச்சை 128, நீலம் 128 என்று அனுப்பினால் ஒரு நடுத்தரச் சாம்பல் வர வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. எந்த மையில் எத்தனை துளி போடுவது என்று பிரிண்டருக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அதன்படி போட்டுவிடும். அந்தத் துளிகள் தாளில் விழுந்து, ஊறி, காய்ந்த பிறகு நம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது அதற்குத் தெரியாது. அதே துளிகள் ஒரு தாளில் நல்ல சாம்பலாகவும் இன்னொன்றில் பச்சை கலந்த சாம்பலாகவும் நிற்கும்.

அதனால் அளந்து பார்த்துவிடுகிறார்கள். பல நூறு நிறக் கட்டங்களை அந்தக் குறிப்பிட்ட தாளில் அச்சிட்டு, காயவிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறம் அளக்கும் கருவியை வைத்து ஒவ்வொரு கட்டமாக அளக்கிறார்கள். இந்த எண்ணை அனுப்பினால் இந்த நிறம் தெரிகிறது என்று ஒரு பட்டியல் கிடைக்கிறது. அதையே திருப்பிப் போட்டால், இந்த நிறம் தெரிய வேண்டுமா, இந்த எண்ணை அனுப்பு என்ற இன்னொரு பட்டியல். இரண்டும் சேர்ந்த இருவழி அகராதிதான் ஐசிசி புரொஃபைல்.

கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை எண்ணால் சொல்கிற வழியை சிஐஇ எனப்படும் சர்வதேச அமைப்பு 1931-இல் வகுத்தது. புரொஃபைல்களில் இன்று அதிகம் புழங்கும் லேப் என்ற முறையை அதே அமைப்பு 1976-இல் கொண்டுவந்தது. அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடக் உள்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 1993-இல் ஐசிசி என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. யாரோ ஒரு தாள் தயாரிப்பாளர் தருகிற புரொஃபைலை நாம் எந்த மென்பொருளிலும் எந்தக் கணினியிலும் திறக்க முடிவது அதனால்தான். கேமராவின் எண்களை முதலில் லேப் போன்ற பொதுமொழிக்கு மாற்றி, அங்கிருந்து பிரிண்டரின் மொழிக்கு மாற்றுகிறார்கள். நடுவில் இருக்கிற அந்தப் பொதுமொழி இல்லாவிட்டால் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனி அகராதி எழுத வேண்டியிருந்திருக்கும்.

இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள். பிரிண்டருக்குள் இருப்பது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஆனால் வீட்டு போட்டோ பிரிண்டரின் புரொஃபைல் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் எண்களுக்கான புரொஃபைல். ஏனென்றால் டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்குகிற மென்பொருள், வாங்கிக்கொள்வது ஆர்ஜிபி எண்களைத்தான். மைகளாகப் பிரிக்கிற வேலையை அது உள்ளே தானே பார்த்துக்கொள்கிறது. பிரிண்டர்தானே என்று படத்தை முதலில் அந்த நான்கு மைகளின் எண்களுக்கு, அதாவது சிஎம்ஒய்கே ஆக மாற்றி அனுப்ப வேண்டாம். அது ஆஃப்செட் அச்சகத்துக்கான வழக்கம். இங்கே அதைச் செய்தால் நிறம் குறைந்துபோவதைத் தவிர லாபம் எதுவும் இல்லை.

இப்போது தாளுக்கு வருகிறேன். எனக்குச் சொல்லவேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான்.

சாதாரண கிளாஸி போட்டோ பேப்பர் பெரும்பாலும் ஆர்சி வகை. நடுவில் காகிதம், இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் மையைப் பிடித்துவைக்கிற பூச்சு. மை மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். மேற்பரப்பும் வழவழப்பு, அதனால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் தெறித்துப் போய்விடும். நிறம் அடர்த்தியாகவும் கறுப்பு ஆழமாகவும் தெரிகிறது. பருத்தி மேட் தாள் இதற்கு நேர்மாறு. மேற்பரப்பு சொரசொரப்பு. விழுகிற வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறும், அதில் ஒரு பங்கு கறுப்பின் மேலிருந்தும் நம் கண்ணுக்கு வந்து சேரும்.

எவ்வளவு என்று எண்ணில் பார்த்தால்தான் இது உறைக்கும். நல்ல கிளாஸி தாளில் அடர்கறுப்பின் டென்சிட்டி, அதாவது எவ்வளவு இருட்டு என்ற அளவு, சுமார் 2.3 வரும். மேட் தாளில் சுமார் 1.6. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இது மடக்கை அளவு. 2.3 என்றால் விழுந்த வெளிச்சத்தில் அரை சதவீதம் திரும்பி வருகிறது. 1.6 என்றால் இரண்டரை சதவீதம். அதாவது மேட் தாளின் மிக இருண்ட கறுப்பு, கிளாஸியின் கறுப்பைப் போல ஐந்து மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எந்த புரொஃபைலாலும் அந்த ஐந்து மடங்கைக் குறைக்க முடியாது. அந்தத் தாளுக்கு அதைவிடக் கறுப்பு தெரியாது, அவ்வளவுதான். புரொஃபைல் செய்வது என்னவென்றால், கிடைக்கிற அந்தக் கொஞ்ச இடத்துக்குள் நிழலின் படிகளை எப்படி அடுக்குவது என்று கணக்குப் போடுவது.

இன்னொரு முனையில் வெள்ளை. கையில் இருக்கிற எல்லாத் தாள்களிலும் ஒரு துண்டு வெட்டி, பகல் வெளிச்சத்தில் சன்னலுக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று தொடும்படி வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே வெள்ளை. சேர்த்து வைத்தால் ஒன்று நீலம் பாரித்திருக்கும், ஒன்று பழைய புத்தகத்தின் ஓரம்போலப் பழுத்திருக்கும், ஒன்றில் துளி இளஞ்சிவப்பு இருக்கும். நான் முதலில் இதைச் செய்தபோது நிஜமாகவே திகைத்துவிட்டேன். அப்பாவின் பின்னால் இருந்த சுவரோடு அவ்வளவு நாள் நான் போட்ட சண்டையில் பாதி தாளோடு போட்ட சண்டை. சுவர் வெளிர் சாம்பல். அங்கே மை கொஞ்சம்தான் விழுகிறது. மிச்சம் தெரிவது தாள். பழுப்பு சாய்ந்த தாளில் எந்தச் சாயலும் இல்லாத சாம்பல் சுவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலம் பாரித்த தாள்களில் பெரும்பாலும் ஒளியூட்டிகள் கலந்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தருகிற ரசாயனம் அது. சலவைப் பொடியில் சட்டை பளிச்சென்று வெளுக்கப் போடுவதும் அந்த வகைதான். பகலில் தாள் பளீரென்று வெள்ளையாக இருக்கும். ராத்திரி சாதாரண எல்இடி பல்புக்கடியில் அதே தாள் மங்கி மஞ்சளாகத் தெரியும், ஏனென்றால் அந்த பல்புகளில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடிக்குப் பின்னால் பிரேம் போட்டாலும் அதே கதைதான். அளவுகருவிக்கும் இந்தத் தொல்லை உண்டு. அளக்கும்போது விளக்கில் புற ஊதா எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 2009-இல் வந்த ஐஎஸ்ஓ 13655 தரம் எம்0, எம்1, எம்2, எம்3 என்று நிலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. எம்1 பகல் வெளிச்சத்தைப்போலப் புற ஊதாவோடு அளப்பது. எம்2 அதை வெட்டிவிட்டு அளப்பது. ஒளியூட்டி அதிகம் உள்ள தாளை இரண்டு வழியிலும் அளந்தால் இரண்டு விதமான புரொஃபைல் கிடைக்கும். எது சரி என்பது படம் எங்கே தொங்கப்போகிறது என்பதைப் பொறுத்தது.

ஒளியூட்டிகள் காலப்போக்கில் சக்தி இழக்கும். தாள் மெல்ல மெல்லத் தன் இயல்பு நிறத்துக்குத் திரும்பும். அதனால் வருஷக்கணக்கில் இருக்க வேண்டிய படங்களுக்கு நான் ஒளியூட்டி இல்லாத பருத்தித் தாளைத்தான் எடுக்கிறேன். சில மாதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கிற படத்துக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

புரொஃபைல் தாளுக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். பிரிண்டர் மாடல், மை, தாள், அச்சிடும்போது டிரைவரில் தேர்ந்தெடுத்த மீடியா டைப், பிரிண்ட் தரம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுக்குத்தான் அது பொருந்தும். இதில் மீடியா டைப் எவ்வளவு முக்கியம் என்பதை நான் ஒரு பெட்டி பருத்தித் தாளைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பிரிண்டர் நிறுவனத்தின் தாளை விட்டு முதல்முறையாக வேறு ஒருவர் தயாரித்த பருத்தித் தாள் வாங்கியிருந்தேன். அவர்களுடைய தளத்திலிருந்து என் மாடலுக்கான புரொஃபைலை இறக்கி, அதற்கான போல்டரில் போட்டு, மென்பொருளில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் டிரைவரில் மீடியா டைப் முந்தைய வேலையில் இருந்த கிளாஸியிலேயே நின்றிருந்தது. மீடியா டைப் வெறும் பெயர்ப்பலகை கிடையாது. எவ்வளவு மை போடுவது, தலைக்கும் தாளுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்தக் கறுப்பைப் பயன்படுத்துவது என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. நிறமி மை பிரிண்டர்கள் பலவற்றில் இரண்டு கறுப்பு உண்டு: கிளாஸிக்கு போட்டோ பிளாக், மேட்டுக்கு மேட் பிளாக். என் பிரிண்டர் பருத்தித் தாளில் போட்டோ பிளாக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் சட்டை கறுப்பு. அது அடுப்புக்கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டதுபோல வெளிறி வந்தது. நான் புரொஃபைலைக் குறை சொல்லிக்கொண்டே தாளாகத் தீர்த்தேன். புரொஃபைலோடு வந்த குறிப்பில் எந்த மீடியா டைப் வைக்க வேண்டும் என்று இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தது. இதற்கு நேர்மாறாக, மேட் பிளாக்கைக் கிளாஸி தாளில் போட்டால் மை உள்ளே பிடிக்காமல் மேலேயே நின்று, விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும்.

புரொஃபைலோடு வருகிற அந்தச் சின்னக் குறிப்பைப் படியுங்கள். படித்துவிட்டு அந்த மீடியா டைப்பையும் தரத்தையும் புரொஃபைலின் பெயரோடு சேர்த்து டிரைவரில் ஒரு பிரீசெட்டாகச் சேமித்து வையுங்கள். அப்புறம் மறந்துபோக வழியே இல்லை.

அடுத்து, சுவர் இளஞ்சிவப்பான கதை. இதுதான் மிகப் பரவலான தப்பு என்று நினைக்கிறேன். மென்பொருளில் 'பயன்பாடே நிறத்தைக் கவனிக்கட்டும்' என்று வைத்து, தாளின் புரொஃபைலையும் கொடுத்திருந்தேன். அது எண்களைச் சரியாக மாற்றி அனுப்பியது. டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைக்கவில்லை. அது, வருகிற எண்கள் இன்னும் மாற்றப்படாதவை என்று எண்ணித் தன் பங்குக்கும் ஒருமுறை மாற்றியது. ஒரே கடிதத்தை இரண்டு பேர் அடுத்தடுத்து மொழிபெயர்த்த மாதிரி. இரட்டை மாற்றத்தின் அடையாளம் பெரும்பாலும் மெஜந்தா சாயல். படம் முழுவதும் சிவந்து, இருண்டு வந்தால் நான் முதலில் பார்ப்பது டிரைவரில் அந்த ஒரு இடத்தைத்தான். இரண்டு பேரில் ஒருவர்தான் மாற்ற வேண்டும். மென்பொருள் மாற்றினால் டிரைவரில் 'நிற மேலாண்மை இல்லை' என்று இருக்க வேண்டும். மேக் கணினியில் மென்பொருள் பொறுப்பேற்றுக்கொண்டால் டிரைவரின் நிறத் தேர்வுகள் பெரும்பாலும் தாமாகவே மங்கிவிடும். விண்டோஸில் பல பிரிண்டர்களுக்கு நாமே போய் அணைக்க வேண்டும்.

எதிர்த் தப்பும் உண்டு: யாருமே மாற்றாமல் விடுவது. என் மேஜையில் சுவர் பச்சையாக வந்த பிரிண்ட் அதுதான்.

மென்பொருளில் இன்னொரு தேர்வு இருக்கிறது, ரெண்டரிங் இன்டென்ட். நான்கு வகை. நம் வேலைக்கு இரண்டு போதும்: பெர்செப்ச்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக். சாச்சுரேஷன் என்பது வரைபடங்கள், பட்டை விளக்கப்படங்கள் போன்றவற்றுக்கு. அப்சொல்யூட் என்பது ஒரு தாளின் வெள்ளையை இன்னொரு தாளில் மை போட்டுக் காட்டுவதற்கு. அச்சகத்தில் மாதிரி பார்ப்பவர்களுக்குத் தேவைப்படும்.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு மீன்கொத்தி. முதுகில் இருக்கிற அந்த நீலத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். மேட் தாளால் அந்த நீலத்தை எட்டவே முடியாது. எட்ட முடியாத நிறத்தை என்ன செய்வது என்பதுதான் ரெண்டரிங் இன்டென்ட். ரிலேட்டிவ், தாளுக்குள் அடங்குகிற நிறங்களைத் தொடாமல் விட்டு, அடங்காதவற்றை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடும். பெர்செப்ச்சுவல், எல்லா நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நெருக்கி, அவற்றுக்கு இடையேயான இடைவெளியைக் காப்பாற்றப் பார்க்கும். முதல் வழியில் அச்சிட்டபோது பின்னால் இருந்த நாணல் அப்படியே வந்தது, ஆனால் பறவையின் முதுகில் இழை தெரியவில்லை. ஏழெட்டு விதமான நீலம் இருந்த இடத்தில் ஒரே நீலம், வழித்துப் பூசிய மாதிரி. இரண்டாவது வழியில் நீலம் கொஞ்சம் மட்டுப்பட்டது, நாணலும் சற்று வாடியது. ஆனால் இறகின் ஒவ்வொரு இழையும் பிரிந்து நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே ஒரு இறகு மட்டும் புரண்டு கிடந்தது. முதல் பிரிண்டில் அது இருந்ததே தெரியவில்லை.

அதனால் பறவைக்கு பெர்செப்ச்சுவல், முகத்துக்கு ரிலேட்டிவ் என்று விதி எழுதிவிடாதீர்கள். பெர்செப்ச்சுவல் எப்படி நெருக்க வேண்டும் என்பதற்கு ஒரே வரையறை கிடையாது. புரொஃபைல் செய்த மென்பொருளைப் பொறுத்து மாறும். ஒரு தாளின் புரொஃபைலில் அழகாக இருந்தது இன்னொன்றில் வெளிறிப்போகலாம். முகங்களுக்கு நான் ரிலேட்டிவில் தொடங்குகிறேன், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனைப் போட்டுக்கொண்டு. அது படத்தின் ஆழ்ந்த கறுப்பைத் தாளின் ஆழ்ந்த கறுப்போடு பொருத்தி, நடுவில் இருக்கிற நிழல்களைச் சீராக இறக்கித் தரும். அதை அணைத்துவிட்டு மேட் தாளில் அச்சிட்டபோது அப்பாவின் கண்ணாடிக்கூடு மொத்தமாக இருட்டில் மூழ்கிப் போனது.

இதையெல்லாம் தாளைச் செலவழிக்காமல் பார்க்க ஸாஃப்ட் புரூஃப் இருக்கிறது. தாளின் புரொஃபைலைக் கொடுத்தால் பிரிண்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும். அதில் தாளின் வெள்ளையையும் பாவித்துக் காட்டு என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தட்டியதும் படம் கண்ணெதிரே சோர்ந்துபோகும். கறுப்பு வெளுக்கும், வெள்ளை மங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துபோய் உடனே அணைத்துவிடுவார்கள். நானும் பல மாதம் அப்படித்தான் அணைத்துவைத்திருந்தேன். அது பொய் சொல்லவில்லை. பழைய வெள்ளை கண்ணில் தங்கியிருப்பதால்தான் அவ்வளவு மோசமாகத் தெரிகிறது. தட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் பளீர் வெள்ளையாக இருக்கிற ஜன்னல்களை மூடிவிடுங்கள். ஒரு நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கண் பழகியிருக்கும். அப்புறம் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அந்தத் தாளுக்காக மட்டும் திருத்துங்கள்: நடுநிறங்களில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட், நிழலில் கொஞ்சம் வெளிச்சம். மூலப் படத்தைத் தொட வேண்டாம். வேறு தாளுக்கு வேறு பிரதி.

திரை நம்பகமாக இருந்தால்தான் இதற்கெல்லாம் அர்த்தம். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு புரொஃபைலில் எந்தக் கோளாறும் இல்லை. மானிட்டர் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருந்தது, அவ்வளவுதான். வாங்கிய நிலையில் பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250, 300 கேன்டெலா என்ற வெளிச்ச அளவில் எரியும். தாளோடு ஒப்பிட 80-லிருந்து 120 வரை போதும். திரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் நம் கை தானாகப் படத்தை இருட்டாக்கிவிடும். பிரிண்டர் அந்த இருட்டை உண்மையாக அச்சிட்டுக் கொடுத்துவிடும். மானிட்டரைக் காலிபரேட் செய்கிற கருவி ஒன்று வாங்க முடிந்தால், தாளுக்கான தனி புரொஃபைலுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

பிரிண்டைப் பார்க்கிற வெளிச்சமும் அப்படித்தான். ஐஎஸ்ஓ 3664 என்ற தரத்தில் நுணுக்கமாக ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸும், சாதாரணமாகப் பார்ப்பதற்கு 500 லக்ஸும் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு கச்சிதம் வேண்டாம். ஆனால் மங்கலான அறையில் பார்த்துவிட்டு பிரிண்ட் செத்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நான் எப்போதும் வடக்குப் பார்த்த சன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன். அதுவும் உடனே பார்ப்பதில்லை. மை காயும்போது நிறம் கொஞ்சம் நகரும், சாய மையில் இன்னும் அதிகம். ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் முடிவு நியாயமாக இருக்கும்.

தாள் தயாரிப்பாளர் தருகிற புரொஃபைல் போதுமா, தனியாகச் செய்துகொள்ள வேண்டுமா? இன்றைய நல்ல பிரிண்டர்கள் ஒரே மாடலுக்குள் பெரிதாக வேறுபடுவதில்லை. அசல் மையும் பெயர்பெற்ற தாளும் என்றால் தயாரிப்பாளரின் புரொஃபைல் பெரும்பாலும் போதும். வேறு கம்பெனி மை போடுகிறீர்கள் என்றால் அந்த புரொஃபைல்களுக்கு அர்த்தமே இல்லை. அப்போது தனியாகச் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு ஆர்கில்சிஎம்எஸ் என்று கிரேம் கில் எழுதிய இலவச மென்பொருள் இருக்கிறது, கட்டளை வரியில் வேலை செய்யப் பழகிக்கொண்டால் அருமையாக வேலை செய்யும். அளவுகருவி தனியாக வேண்டும். திரையை அளக்கிற கலரிமீட்டர் இதற்கு உதவாது, ஏனென்றால் தாளை அளக்கக் கருவியே வெளிச்சம் பாய்ச்சியாக வேண்டும்.

கட்டங்களை அச்சிடும்போது எந்த நிற மேலாண்மையும் குறுக்கே வரக் கூடாது. எதுவும் திருத்தாத, பிரிண்டரின் சொந்த இயல்பைத்தான் அளக்கப் போகிறோம். போட்டோஷாப்பில் நிற மேலாண்மை இல்லாமல் அச்சிடுகிற தேர்வு சிஎஸ்5 பதிப்பிலிருந்து இல்லை. அதற்காகவே அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டி என்று ஒரு சின்ன மென்பொருளைத் தனியாகக் கொடுத்தார்கள்.

அச்சிடுவதற்கு முன்னால் நாஸில் செக் செய்யுங்கள், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நான் ஒருமுறை செய்யவில்லை. வெளிர் சயானில் சில துளைகள் அடைத்திருந்தன. 918 கட்டங்களை அச்சிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, வரிசை வரிசையாக அளந்து, புரொஃபைல் செய்து முடித்தேன். அன்றைக்கு அச்சிட்டதெல்லாம் பிரமாதமாக இருந்தது. அடுத்த வாரம் தலையைச் சுத்தம் செய்ததும் எல்லாப் படமும் குளிர்ந்த நீலத்துக்குச் சாய்ந்துவிட்டது. அடைப்பைப் பிரிண்டரின் இயல்பு என்று எழுதிவைத்து, அதற்கேற்ப சயானைக் கூட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது அந்த புரொஃபைல். அளவு சரிதான். அளந்த நாள்தான் சரியில்லை. மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

கடைசியில் அப்பாவின் படத்தை ஒளியூட்டி இல்லாத பருத்தித் தாளில் அச்சிட்டேன். சுவரைச் சாம்பலாகவே நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டேன். தாளின் மெல்லிய பழுப்பு சுவருக்குள் வரட்டும் என்று இருந்தேன். வந்ததும், சாயங்கால வெயில் பட்ட சுவர்போல அது தன்னிடத்தில் உட்கார்ந்துகொண்டது. ரிலேட்டிவ், பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன், மேட் பிளாக். சன்னல் திட்டுப் பக்கம் மட்டும் நிழலை அரை ஸ்டாப்புக்குக் குறைவாகவே தூக்கினேன். ராத்திரி காயவிட்டு, பின்பக்கம் வழக்கம்போல எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, காலையில் அவரிடம் கொடுத்தேன்.

சன்னலோரம் எடுத்துப்போய் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாளை லேசாகச் சாய்த்தார், மறுபடி நேராக்கினார். அப்புறம் கட்டைவிரலால் கீழ் ஓரத்தைக் காட்டி, "என் கண்ணாடிக்கூடு அங்கதான் இருந்துதா அன்னிக்கு?" என்று கேட்டார்.